"புரிந்ததா?" – இது கேள்வியா?

பாடம் முடியும் தறுவாயில் ஆசிரியர் கேட்கிறார், "புரிந்ததா?" என்று. ஐம்பது குரல்கள் ஒருங்கே முழங்குகின்றன, "புரிந்தது, ஐயா!" மணி அடிக்கிறது, கடமை முடிந்துவிட்டதாம்! புரியவில்லை என்று எழுந்து சொல்லும் துணிவு எந்தப் பிள்ளைக்கு வரும்? சொன்னால் ஏளனம், சொல்லாவிடில் நிம்மதி. இதனைக் கேள்வி என்று நாம் ஒப்பமாட்டோம். இது வெறும் சடங்கு!

பாட நடுவே எழும் கேள்விகளின் கதியாவது மேலா? கேட்ட மறுநொடி முன்வரிசைக் கை உயர்கிறது, விடை வந்துவிடுகிறது. குடும்பத்திலேயே முதன்முதலாக ஏடு தொட்ட பிள்ளை, கடைசி வரிசையில், எண்ணத் தொடங்குமுன்னே வாய்ப்பை இழக்கிறான். பின்னர் அவனுக்கே 'மக்கு' என்னும் பட்டம்! நீதியா இது?

அமெரிக்க அறிஞர் மேரி பட் ரோ, 1974-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டதென்ன? கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியே காத்திருந்தனர். அதனை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் விரிந்தன. வாய்திறவாப் பிள்ளைகள் பேசினர். தாமே வினவவும் முற்பட்டனர்.

"பாடத்தை முடிக்க நேரமில்லையே!" என்பர் சிலர். கணக்குப் பார்ப்போம். பாடவேளைக்கு 10 கேள்வி. கேள்விக்கு 2 நொடி கூடுதல். ஆக 20 நொடி. 45 நிமிடத்தில் 20 நொடி தர முடியாதா?

முதலில் கேள்வி, அடுத்து அமைதி, அதன்பின் பெயர் – இதுவே முறை. பெயரை முதலில் அழைத்தால், எஞ்சிய நாற்பத்தொன்பது பேரும் சிந்தனைக்கு விடுமுறை விட்டுவிடுவர்.

மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா, எது பெரிது? "நான்கில் ஒன்று" என்கிறான் சிறுவன். "தவறு, உட்கார்!" என்பது தீர்ப்பு. "எப்படிக் கண்டாய், தம்பி?" என்பது கல்வி. "மூன்றைவிட நான்கு பெரிதாயிற்றே" என அவன் உரைக்கும்போதே பிழையின் வேர் தெரிந்துவிடுகிறது. ஓர் அப்பத்தை மூவருக்கும், மற்றொன்றை நால்வருக்கும் பங்கிடச் செய்யுங்கள், தானே திருத்திக்கொள்வான்.

மாணவன் வினவுவது அடக்கமின்மை என முணுமுணுப்போர் 13-ஆம் நூற்றாண்டு நன்னூலையேனும் புரட்டட்டும். வினவுதலையும், வினவியவற்றுக்கு விடையளித்தலையும் கற்கும் முறைகளுள் வைத்தார் பவணந்தியார்.

ஆசிரியத் தோழர்களே! முடித்த பாடங்களை எண்ணும் மேலதிகாரிகளே! இன்று உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்டனர்? அதனை எண்ணத் தொடங்குங்கள்!