உங்கள் கட்சிக்காரர் யார்?

மதிப்பிற்குரிய சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் திரு. டேவிட் சியூ அவர்களுக்கு,

இந்த மடலை உங்களால் படிக்க முடியாது. நகர அலுவலகங்கள் எந்தெந்த மொழிகளில் சேவை தர வேண்டும் என்ற சட்டப் பட்டியலில் சீனம், ஸ்பானிஷ், ஃபிலிப்பினோ, வியட்நாமியம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. எங்கள் தலைக்கணக்குக்கு அது நியாயம்தான். ஆனால் உங்கள் அலுவலகம் ஒன்று இருப்பதே தெரியாமல் அதன் பலனை அனுபவிக்கிற தமிழர்கள் இந்த ஊரில் உண்டு. அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

அவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். கொலை, களவு வழக்கு நடத்துகிற டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி வேறு; சிட்டி அட்டர்னி வேறு. நகராட்சி மேல் யாராவது வழக்குப் போட்டால் அதன் சார்பில் போய் நிற்பவர் நீங்கள். நடைபாதைப் பள்ளத்தில் ஒருவர் விழுந்து எலும்பை முறித்துக்கொண்டால் அவருக்கு எதிர்த்தரப்பு வக்கீல் நீங்கள்தான். அதோடு நின்றிருந்தால் உங்களுக்கு மடல் எழுத ஒன்றுமில்லை. கலிஃபோர்னியாவில் நியாயமற்ற போட்டியைத் தடுக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. அது பெரிய நகரங்களின் வழக்கறிஞர்களுக்கு இன்னோர் ஆயுதத்தையும் கொடுத்திருக்கிறது. ஒரு கம்பெனி சட்டத்தை மீறியே தொழில் நடத்தினால், பாதிக்கப்பட்டவர் வந்து கையெழுத்துப் போடக் காத்திராமல், "கலிஃபோர்னியா மாநில மக்கள்" என்ற பெயரிலேயே நீங்கள் வழக்குத் தொடுக்கலாம்.

எங்கள் ஊர்க் கோர்ட்டுகளில் வக்கீலிடம் வழக்கோடு வருபவரைக் கட்சிக்காரர் என்போம். உங்களுக்கு இரண்டு கட்சிக்காரர்கள்: நகராட்சி ஒருவர், மக்கள் ஒருவர். இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்கிற நாட்களில் உங்களுக்குத் தொல்லையில்லை. மற்ற நாட்களைப் பற்றித்தான் என் கேள்வி.

எங்கள் கட்டடத்துக்கு வருகிறேன். கியரி தெருவிலிருந்து ஒரு தெரு தள்ளி, பதினான்கு குடித்தனம், பழைய மரச்சட்டக் கட்டடம். மூன்று வருடத்துக்கு முன் கை மாறியது. புது வீட்டுக்காரர் முதலில் முன்வாசலுக்கு வெள்ளையடித்தார். சந்தோஷப்பட்டோம். பிறகு அடித்தளத்தில் இருந்த இரண்டு சலவை இயந்திரங்களும் போயின. அப்புறம் லிஃப்ட் கெட்டது. "பாகம் வரவேண்டும்" என்று ஒட்டிய காகிதம் மஞ்சளாகிவிட்டது, பாகம் வரவில்லை. மூன்றாம் மாடியில் எழுபத்தெட்டு வயதில் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். மளிகைப் பையை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து, தானும் ஒரு படி ஏறி, மறுபடி பையைத் தூக்கி வைத்துத்தான் அவர் வீடு போய்ச் சேருகிறார். அவர் கதவடியில்தான் அந்தக் கடிதம் வந்து கிடந்தது: பணம் வாங்கிக்கொண்டு காலி செய்யச் சம்மதமா?

ஏன் அவரை மட்டும்? அவர் கொடுக்கும் வாடகை 1,150 டாலர். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த பையன் கொடுப்பது 3,400. வீட்டின் அளவு ஒன்றுதான். இந்த நகரத்தில் 1979 ஜூன் 13-க்கு முன் குடிபுகச் சான்று வாங்கிய அடுக்குமாடிகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு உண்டு. விலைவாசி ஏற்றத்தில் 60 சதவீதம்தான் வருடத்துக்கு ஏற்றலாம். 2025 மார்ச்சில் தொடங்கிய வருடத்துக்கு அது வெறும் 1.4 சதவீதம். ஆனால் 1995-ல் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் போட்ட கோஸ்டா-ஹாக்கின்ஸ் சட்டம், குடித்தனக்காரர் தானாகக் காலி செய்துவிட்டால் அடுத்து வருபவரிடம் சந்தை விலையைக் கேட்கலாம் என்கிறது. அதை நீக்கவோ தளர்த்தவோ 2018, 2020, 2024 என்று மூன்று முறை வாக்கெடுப்பு நடந்தது, மூன்று முறையும் தோற்றது. ஆக, அந்த அம்மா உள்ளே இருக்கும்வரை வீட்டுக்காரருக்கு மாதம் 2,250 டாலர் நஷ்டக் கணக்கு. லிஃப்டுக்குப் பாகம் வராததன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 3,400 டாலர் பையன் எங்கள் ஆள், கோயம்புத்தூர். மென்பொருள் சம்பளத்தோடு வந்து இறங்கி, கேட்ட வாடகையைப் பேரம் பேசாமல் கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன். இந்த ஊர் வாடகை ஏறியதில் எங்களுக்கும் பங்குண்டு. நிற்க.

அந்த அம்மாவிடம் நகரத்தின் வாடகை வாரியத்துக்குப் போகலாம் என்றேன். கையை உதறினார். "கேஸ், கீஸ் என்று என் பெயர் போனால் நாளைக்கு எவன் எனக்கு வீடு கொடுப்பான்?" நீதிமன்றத்தில் காலி செய்யும் வழக்கு வந்தால் இலவச வக்கீல் கிடைக்கும், 2018 ஜூனில் வாக்காளர்களே கொண்டுவந்த உரிமை அது. வழக்கே போடாமல், சலவை இயந்திரத்தைத் தூக்கி, லிஃப்டை நிறுத்தி, சத்தமில்லாமல் கிளப்புகிறவரை எதிர்த்து முதலில் மனுக் கொடுக்க வேண்டியவர் அந்த அம்மாதான். அவர் கொடுக்கமாட்டார். "மக்கள்" என்ற பெயரில் வழக்குப் போடும் அதிகாரம் எதற்கு இருக்கிறது என்று கேட்டால், இதற்குத்தான் என்பேன்.

உங்கள் அலுவலகம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. உங்களுக்கு முன் இருந்த டென்னிஸ் ஹெரேரா 2006-ல் நகரத்தின் மிகப் பெரிய வீட்டுக்காரக் கம்பெனிகளில் ஒன்றின் மேலேயே வழக்குப் போட்டார். பழைய குடித்தனக்காரர்களைத் தொல்லை கொடுத்துக் கிளப்பியதாகக் குற்றச்சாட்டு. 2015-ல் இன்னொரு வீட்டு உரிமையாளர் மேல் போட்ட வழக்கில், இரண்டு வருடம் கழித்து 27 லட்சம் டாலர் அபராதத் தீர்ப்பு வந்தது. நீங்களும் சும்மா வந்தவரல்ல. 2019-ல் சட்டமன்ற உறுப்பினராக இருந்து நீங்கள் எழுதிய ஏபி 1482 சட்டம்தான், நகரக் கட்டுப்பாடு எட்டாத லட்சக்கணக்கான வீடுகளுக்கு மாநிலம் முழுக்க வாடகை உச்சவரம்பு வைத்தது. 2030 பிறக்கும்போது அது காலாவதியாகிறது என்பதை இந்த மடலின் ஓரத்தில் குறித்து வைக்கிறேன். இன்னொன்றையும் குறிக்க வேண்டும். 2014-ல் நகரச் சட்டங்களைப் போடும் மேற்பார்வையாளர் மன்றத்தின் தலைவராக இருந்தபோது ஏர்பிஎன்பி வாடகையைச் சட்டபூர்வமாக்கியதும் நீங்கள்தான். பதிவு செய்யாமலே வீடுகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டவர்களை வழிக்குக் கொண்டுவர நகரம் அப்புறம் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்தக் கம்பெனி நகரத்தின் மேலேயே வழக்குப் போட்டு, 2017-ல்தான் சமரசத்துக்கு வந்தது.

தொழிலாளர் விஷயத்தில் உங்கள் கணக்கு இதைவிடத் தெளிவு. குவிக் என்றொரு செயலிக் கம்பெனி ஹோட்டல்களுக்கு ஆள் அனுப்பியது. தட்டுக் கழுவுகிறவர், பரிமாறுகிறவர், மது ஊற்றிக் கொடுப்பவர் எல்லாரையும் "சுயதொழில் ஒப்பந்தக்காரர்" என்றது. தட்டுக் கழுவுகிறவருக்கு என்ன சுயதொழில்? ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிட்டால் கூடுதல் நேரச் சம்பளம் கிடையாது, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு கிடையாது. 2006-ல் வாக்காளர்களே அந்த நோய் விடுப்பைக் கட்டாயமாக்கிய ஊர் இது. அமெரிக்காவில் முதல் ஊரும் இதுதான். நீங்கள் 2023-ல் வழக்குப் போட்டீர்கள். 2024 பிப்ரவரியில் கம்பெனி 21 லட்சம் டாலர் கொடுத்து, கலிஃபோர்னியாவில் தன் ஆட்களை ஊழியர்களாகவே ஏற்றுக்கொண்டது. ஒரு தட்டுக் கழுவுகிறவர் தனியாக வக்கீல் வைத்து இதைச் சாதித்திருக்க முடியுமா?

ஊபர், லிஃப்ட் என்ற வாடகைக் கார்ச் செயலிக் கம்பெனிகளின் கதை இப்படி முடியவில்லை. 2020 மே மாதம் மாநில அட்டர்னி ஜெனரலோடு சேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ, சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர்கள், ஓட்டுநர்களையும் ஒப்பந்தக்காரர் என்று எழுதியதற்காக வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் நகரங்களின் கை ஓங்கியது. கம்பெனிகள் வாக்குச்சாவடிக்குப் போயின. 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி, நவம்பரில் 22-ஆம் முன்மொழிவை நிறைவேற்றிக்கொண்டன. ஓட்டுநர்கள் ஊழியர்கள் அல்ல என்று அது சொன்னது எல்லாருக்கும் தெரியும். அதில் இன்னும் இரண்டு முடிச்சுகள் உண்டு. ஓட்டுநர் கூலி பற்றி நகரங்கள் தனியாகச் சட்டம் போடக்கூடாது என்பது ஒன்று. திருத்த வேண்டுமானால் சட்டமன்றத்தில் எட்டில் ஏழு பங்கு வாக்கு வேண்டும் என்பது இன்னொன்று. எட்டில் ஏழு! 2024-ல் மாநில உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

நகராட்சியின் அதிகாரம் என்று பேசினால் சாதாரண ஆளுக்குக் கொட்டாவி வரும். ஆனால் மேலே சொன்ன அத்தனையும் அதில்தான் தொங்குகிறது. 2023 ஆகஸ்ட் 10 அன்று மாநில ஆணையம், ஓட்டுநர் இல்லாத க்ரூஸ், வேமோ கார்கள் நகரம் முழுக்க இரவு பகல் கட்டணத்துக்கு ஓடலாம் என்றது. தீயணைப்பு வண்டிக்குக் குறுக்கே போய் நிற்கின்றன என்று நகரம் கத்தியது வீணாய்ப் போனது. அக்டோபர் 2 அன்று, வேறொரு கார் மோதித் தள்ளிய பெண்ணை ஒரு க்ரூஸ் கார் சுமார் 20 அடி இழுத்துக்கொண்டு போனது. அதற்கு அப்புறம்தான் அனுமதி நிறுத்தப்பட்டது. தெரு எங்களுடையது, முடிவு எங்களுடையதல்ல. வாஷிங்டன் பக்கமிருந்தும் நெருக்கல்தான். குடியேறிகளைப் பிடிப்பதற்கு நகரக் காவலர்கள் உதவமாட்டார்கள் என்ற அடைக்கல நகரச் சட்டம் இங்கே 1989-லிருந்து இருக்கிறது. அதற்காக மத்திய நிதியை நிறுத்துவோம் என்றார்கள். 2025 பிப்ரவரியில் நீங்களும் சாண்டா கிளாரா கவுண்டியும் வழக்குப் போட, ஏப்ரலில் நீதிபதி வில்லியம் ஓரிக் தடை விதித்தார். அதற்கு என் நன்றி, தனியாக.

இனி கசப்பு. நகரத்தின் அதிகாரம் என்றாலே புனிதம் என்று நான் நம்பவில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள். 1880-ல் இதே நகரம், மரக் கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்த மேற்பார்வையாளர் மன்றத்தின் அனுமதி வேண்டும் என்று விதி போட்டது. சுமார் 200 சீனர்கள் மனுப் போட்டார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் ஏறக்குறைய 80 பேர், அவர்களுக்குத் தடையில்லை. இருபத்திரண்டு வருடம் துணி வெளுத்தவர் சிறைக்குப் போய், யிக் வோ வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறி, 1886-ல் நகரம் தோற்றது. தைவானிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்து, இந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசிய அமெரிக்கர் நீங்கள். அந்த வழக்கில் நகரத்துக்காக வாதாட வேண்டி வந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

ரொம்பப் பழைய கதை என்றால், 1977 ஆகஸ்ட் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கியர்னி தெரு இண்டர்நேஷனல் ஹோட்டலில் இருந்த வயதான ஃபிலிப்பினோ, சீனக் குடித்தனக்காரர்களை விடியுமுன் போலீஸ் வந்து வெளியேற்றியது. ஷெரிஃப் ஹோங்கிஸ்டோ முதலில் உத்தரவை நிறைவேற்ற மறுத்து ஐந்து நாள் சிறையில் இருந்தவர்; கடைசியில் அவரே சம்மட்டியால் கதவை உடைத்தார். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இரண்டு வருடம் கழித்து வந்தது. ஹோட்டலை இடித்த மனையில் மறுபடி குடியிருப்பு எழ 2005 ஆனது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கழிவுநீரை விடுவதற்கான அனுமதி நிபந்தனைகளை எதிர்த்து நீங்கள் மத்தியச் சுற்றுச்சூழல் துறையோடு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச் 4 அன்று ஐந்துக்கு நான்கு என்று ஜெயித்தீர்கள். நகரக் கஜானாவுக்கு லாபம் இருக்கலாம். சமரசமாகப் போங்கள் என்று மேற்பார்வையாளர் மன்றமே தீர்மானம் போட்ட வழக்கு அது. இனி நாடு முழுக்க எந்த ஆலையும் தன் கழிவுநீருக்கு அந்தத் தீர்ப்பைத்தான் கொண்டுவந்து நீட்டும். இரண்டு கட்சிக்காரர்களும் பிரிந்து நின்ற நாள் அது என்பது என் கருத்து. நீங்கள் கஜானாவின் பக்கம் நின்றீர்கள்.

உங்களிடம் புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. பெரிய கம்பெனிகளைப் பிடிக்கும்போது செய்தி வருகிறது, நல்லது. பதினான்கு குடித்தனக் கட்டடங்களையும் பாருங்கள். பணம் கொடுத்துக் காலி செய்யவைக்கும் ஒப்பந்தங்கள் 2015 மார்ச்சிலிருந்து வாடகை வாரியத்தில் பதிவாகின்றன. எந்த உரிமையாளர் வாங்கிய கட்டடங்களில் அவை வரிசையாக வருகின்றன என்று பார்க்க உங்களுக்கு யாருடைய மனுவும் வேண்டாம். கட்டட ஆய்வுத் துறையின் லிஃப்ட் புகார்களை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

படிக்கிற தமிழர்களே, உங்கள் கட்டடம் 1979 ஜூன் 13-க்கு முந்தியதா என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாடகை வாரியம் 25, வான் நெஸ் அவென்யூவில் இருக்கிறது. கேட்பதற்குக் காசு இல்லை. கோயம்புத்தூர்ப் பையன் போய்க் கேட்டான். அவன் வீட்டுக்கும் கட்டுப்பாடு உண்டாம். போன வருடம் அவனிடம் எட்டு சதவீதம் ஏற்றி வாங்கியிருக்கிறார்கள். மனு எழுதிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
கியரி தெருப் பக்கத்து வாடகைக்காரன்