‘அனுசரித்துப் போங்கள்’ என்னும் உபதேசம்

கல்லூரிகள் திறக்கும் பருவம் வந்துவிட்டால், முதலாளித்துவ நாளேடுகளின் இளைஞர் பக்கங்கள் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப ஓதத் தொடங்கிவிடுகின்றன. அறைத் தோழரோடு ஒத்துப்போவது எப்படி? பாத்திரம் கழுவும் முறையைப் பங்கிட்டுக்கொள்வது எப்படி? நள்ளிரவிலும் விளக்கை எரியவிடுபவரிடம் இதமாகப் பேசுவது எப்படி? வீட்டைவிட்டு முதன்முறையாக வெளியேறிவரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இவை பயனற்ற யோசனைகள் அல்ல. ஆயினும், இவற்றை எழுதுவோர் ஒரு கேள்வியைக் கவனமாகத் தவிர்த்துவிடுகின்றனர். இருவர் தங்க வேண்டிய அறையில் நால்வரைக் கொண்டுவந்து அடைத்தது யார்?

தலைநகர் தில்லியின் முகர்ஜி நகரையும் பழைய ராஜீந்தர் நகரையும் எடுத்துக்கொள்ளலாம். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து குவியும் பகுதிகள் இவை. ஒரே கூடத்தை ஒட்டுப்பலகைத் தடுப்புகளால் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ‘தனி அறை’ என்று வாடகைக்கு விடுவது அங்கே அன்றாட வணிகம். சன்னல் ஒரு பிரிவுக்குத்தான் கிடைக்கும். மற்றவை இருளில் கிடக்கும். புரோக்கருக்குத் தரகு, உரிமையாளருக்கு முன்பணம், இடையில் காலிசெய்தால் முன்பணம் திரும்பாது என்னும் நிபந்தனை ஆகிய எல்லாவற்றையும் தாண்டித்தான் ஒரு கட்டில் கைக்கு வருகிறது.

மின்கட்டணத்தின் கதை இன்னும் சுவையானது. அறைக்கு ஒரு சப்-மீட்டர். யூனிட்டுக்கு என்ன விலை என்பதை மின் ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிப்பதில்லை; பெரும்பாலும் உரிமையாளர்தான் தீர்மானிக்கிறார். வீட்டு இணைப்புகளுக்கு 200 யூனிட் வரை கட்டணமில்லை என்று தில்லி அரசு 2019இல் அறிவித்த சலுகை, உரிமையாளரின் மீட்டரைத் தாண்டி மாணவரின் கட்டிலை எட்டுவது அரிது. ஜூன் மாதத்து வெப்பத்தில் கூலரை இரவு முழுவதும் ஓடவிடலாமா என்று பிகாரின் சிறு விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் ராஜஸ்தானின் வணிகர் வீட்டுப் பிள்ளைக்கும் மூளும் தகராறை ‘குண வேறுபாடு’ என்று எழுதுகிறார் நமது ஆலோசகர். ஒருவருக்கு அது உறக்கம். மற்றவருக்கு அது தந்தை அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு. வர்க்க வேறுபாடு மின்கட்டண ரசீதாக அறைக்குள் நுழைகிறது. வெளியே நின்று இரு பிள்ளைகளிடமும் பணத்தை வாங்கிக்கொள்பவரின் பெயர் அந்தச் சண்டையில் ஒருமுறைகூட அடிபடுவதில்லை.

அறையில் மேசை போட இடமில்லாத இடத்தில்தான் மாதக் கட்டண ‘நூலகம்’ என்னும் இன்னொரு தொழில் செழிக்கிறது. 2024 ஜூலை 27 மாலை, பழைய ராஜீந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் நிலவறை நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று இளம் தேர்வர்கள் மூழ்கி இறந்தனர். ஒருவர் உத்தரப் பிரதேசத்தவர், ஒருவர் தெலங்கானா, ஒருவர் கேரளம். அந்த நிலவறைக்கு இருந்த அனுமதி பொருள்களைச் சேமித்துவைப்பதற்கும் வாகனம் நிறுத்துவதற்கும்தான். மனிதர்கள் அமர்ந்து படிப்பதற்கு அல்ல. உச்சநீதிமன்றமே பயிற்சி மையங்களை மரணக் கூடங்கள் என்று கடிந்துகொண்டது.

‘பேயிங் கெஸ்ட்’ என்னும் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். தமிழில் ஒண்டுக்குடித்தனம் என்றொரு சொல் உண்டு. நெருக்கடியையும் பிறரை அண்டியிருக்கும் அவலத்தையும் அந்தச் சொல் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லோ பணம் செலுத்துபவரை ‘விருந்தினர்’ ஆக்குகிறது. இது வெறும் நாகரிகப் பூச்சு அல்ல. 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமையாளரின் அனுமதியின் பேரில் தங்குபவரை வாடகைதாரர் என்னும் வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. விருந்தினர் என்று பெயரிட்டுவிட்டால், நாளையே பெட்டியைத் தூக்கித் தெருவில் வைக்கலாம். அப்படியே ஒருவர் தன்னை வாடகைதாரர் என்று மெய்ப்பித்தாலும், மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகையை 1988ஆம் ஆண்டின் திருத்தம் சட்டத்தின் காப்பிலிருந்து விலக்கிவிட்டது. இன்று ஒரு கட்டிலின் வாடகையே அத்தொகையைத் தாண்டிவிடுகிறது.

வரி விதிக்கும்போது மட்டும் அரசுக்கு இந்த அறைகள் நன்றாகக் கண்ணில் படுகின்றன. விடுதி என்பது குடியிருப்பு அல்ல, ஆகவே 12 விழுக்காடு ஜிஎஸ்டி செலுத்த வேண்டும் என்று 2023 ஜூலையில் பெங்களூரில் முன்தீர்ப்பு ஆணையம் கூறியது. எதிர்ப்பு எழுந்த பிறகு, 2024 ஜூன் 22 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல் தொடர்ந்து 90 நாள் தங்குவோருக்கு விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. வரி கேட்கையில் அது வீடு அல்ல. உரிமை கேட்கையில் அவர் குடியிருப்பவர் அல்ல!

பெருந்தொற்றுக் காலத்திலும் இதே பார்வைதான். 2020 மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறை பிறப்பித்த ஆணை, தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்றது. மாணவர்களைப் பொறுத்தவரை, கட்டாயமாக வெளியேற்றக் கூடாது என்பதோடு நின்றுகொண்டது.

வீட்டு உரிமையாளர்களும் சாதாரணக் குடும்பத்தினர்தாமே, அவர்களை ஏன் பழிக்க வேண்டும் என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. ராஜீந்தர் நகர் பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்தவர்களுக்காக அரசு உருவாக்கிய குடியிருப்பு. வீடிழந்து வந்தவர்களுக்கு வீடு அளிப்பது தன் கடமை என்று, கருவூலம் வறண்டிருந்த காலத்தில்கூட ஓர் அரசு கருதியது என்பதற்கு அந்தத் தெருக்களே சாட்சி. அதே தெருக்களில் இன்று தங்க இடம் தேடி வரும் மாணவரைச் சந்தையிடம் ஒப்படைத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டது. குற்றச்சாட்டு முதன்மையாக அந்த அரசின் மீதுதான்.

ஒதுங்கியது மட்டுமன்று, இருந்ததையும் பறிக்க முயன்றது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக விடுதியில் இருவர் தங்கும் அறைக்கு மாதம் 10 ரூபாய், ஒருவர் தங்கும் அறைக்கு 20 ரூபாய் என்றிருந்த வாடகையை 2019இல் முறையே 300, 600 ரூபாய் ஆக்கி, அதற்கு மேல் மாதம் 1,700 ரூபாய் சேவைக் கட்டணமும் விதிக்க நிர்வாகம் முனைந்தது. பத்து ரூபாய் அறை என்று தொலைக்காட்சிகள் எள்ளி நகையாடின. நாடாளுமன்றம் நோக்கி நடந்த மாணவர்கள் நவம்பர் 18 அன்று தடியடி பட்டனர். அந்தப் பத்து ரூபாய் அறைதான் சுரங்கத் தொழிலாளியின் மகளையும் அதிகாரியின் மகளையும் ஒரே விளக்கின் கீழ் அமர்த்தியது. அங்கேயும் சண்டை இருந்தது. ஆனால் அங்கே வாடகை மீட்டர் ஓடவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட விடுதிக் குழு இருந்தது. உணவுக்கூடத்தின் கணக்கைக் கேட்க மாணவருக்கு உரிமை இருந்தது.

ஆட்சியாளர்களை உறுத்துவது அந்தப் பொது மேசைதான். 2022 ஏப்ரல் 10, ராமநவமி நாளில் அதே பல்கலைக்கழகத்தின் காவேரி விடுதியில் இறைச்சி உணவை முன்னிட்டு வன்முறை வெடித்தது. 2023இல் மும்பை ஐஐடி விடுதி உணவுக்கூடத்தில் சைவர்களுக்கென மேசை ஒதுக்கியதை எதிர்த்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பொது விடுதியில் போராடி நுழைக்க வேண்டிய பிரிவினை தனியார் சந்தையில் கேள்வியின்றியே நடக்கிறது. முழுப் பெயர் என்ன, வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்னும் இரு கேள்விகளில் தலித் மாணவருக்கும் முஸ்லிம் மாணவருக்கும் கதவு மூடிவிடுகிறது. 1917இல் பரோடா சமஸ்தானப் பணிக்குச் சென்ற அம்பேத்கர், தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியொன்றில் வேற்றுப் பெயரில் தங்கி, தடியேந்திய கும்பலால் வெளியேற்றப்பட்டார். இன்று தடிக்கு வேலையில்லை. ‘சைவ உணவினர் மட்டும்’ என்னும் அட்டை போதும்.

பொது விடுதிகள் சாதியற்ற தீவுகள் என்று எவரும் சொல்லவில்லை. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ரோஹித் வெமுலாவுக்கும் நான்கு தலித் தோழர்களுக்கும் அளித்த தண்டனையே விடுதியிலிருந்து வெளியேற்றம்தான். அவர்கள் வளாகத்தின் திறந்தவெளியில் உறங்கினர். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் உயிர் நீத்தார். தங்குமிடத்தைப் பறிப்பது படிப்பைப் பறிப்பதே என்பதை அதிகார வர்க்கம் நன்கறியும்.

2024 ஆகஸ்டில் பழைய ராஜீந்தர் நகரின் சாலையில் மழையில் நனைந்தபடி அமர்ந்திருந்தவர்களில், கூலருக்காகவும் சன்னலுக்காகவும் முந்தைய வாரம்வரை தமக்குள் முறைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பர். அன்று அவர்கள் எழுப்பிய கோரிக்கைகளில் வாடகை ஒழுங்குமுறையும் ஒன்று. புதிய விடுதிகள் கட்ட நிலமும் நிதியும் காலமும் வேண்டும். அதற்கான போராட்டம் நீண்டது. ஆனால், அனுமதியின் பேரில் தங்குபவரை விலக்கும் வரையறையையும் 3,500 ரூபாய் எல்லைக்கோட்டையும் அகற்ற ஒரு செங்கல்கூட வேண்டியதில்லை. தில்லியின் வாடகைச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. அதைத் திருத்தும் மசோதாவைக் கொண்டுவர ஒன்றிய அரசுக்கு எந்த மாநிலத்தின் இசைவும் தேவையில்லை.