அனுபவம் யாருக்கு அதிகம்?

வீட்டுக்கு ஒரு வண்டிக்காரன் வேண்டும். இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள்.

"உனக்கு எத்தனை வருஷ அனுபவம்?" என்று கேட்கிறோம். ஒருவன், "இருபது வருஷம்" என்கிறான். மற்றவன், "ஐந்து வருஷம்" என்கிறான்.

இருபது வருஷக்காரனையே வைத்துக் கொள்ளலாம் என்று தோன்றும். அது இயற்கை. ஆனால், வீட்டுப் பெரியவர் இன்னொரு கேள்வியும் கேட்பார். "வண்டி எப்போதாவது குடை சாய்ந்தது உண்டா? அப்போது நீ என்ன செய்தாய்?"

இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. நாட்டை ஆளப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதைக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் நாலு வருஷத்துக்கு ஒரு முறை ஜனாதிபதி தேர்தல் நடக்கிறது. "யாருக்கு அனுபவம் அதிகம்?" என்ற பேச்சும் கூடவே வந்து விடுகிறது. 1960-ம் ஆண்டு தேர்தலில் இந்தப் பேச்சு மிகவும் பலமாக அடிபட்டது.

இரண்டு வேட்பாளர்கள்

குடியரசுக் கட்சியின் சார்பில் நிக்சன் நின்றார். அவருக்கு வயது 47. ஜனநாயகக் கட்சியின் சார்பில் கென்னடி நின்றார். அவருக்கு வயது 43.

இருவரும் இரண்டாவது உலகப் போரில் கடற்படையில் வேலை பார்த்தவர்கள். இருவரும் 1947-ம் ஆண்டில் ஒரே சமயத்தில் அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தவர்கள். பிறகு இருவருமே செனட் சபைக்குப் போனார்கள்.

அதற்கு மேல்தான் வித்தியாசம். 1953-ம் ஆண்டு முதல் நிக்சன் உப ஜனாதிபதியாக இருந்தார். 1955-ம் ஆண்டு ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அப்போது மந்திரிசபைக் கூட்டங்களுக்கு நிக்சன்தான் தலைமை வகித்தார். 1959-ம் ஆண்டு மாஸ்கோவுக்குப் போய், ருஷியத் தலைவர் குருஷ்சேவுடன் நேருக்கு நேர் வாதாடி விட்டு வந்தார்.

கென்னடியோ செனட் சபை உறுப்பினர், அவ்வளவுதான். ஒரு மாகாணத்தை ஆண்டது கிடையாது. மந்திரியாக இருந்ததும் கிடையாது.

"அனுபவம் உள்ளவருக்கே ஓட்டு" என்று நிக்சன் கட்சியார் முழங்கினார்கள். கென்னடியின் சொந்தக் கட்சியிலேயே சந்தேகம் இருந்தது. "நீங்கள் இதற்குத் தயார்தானா?" என்று முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் வெளிப்படையாகக் கேட்டு விட்டார்.

கென்னடி பதில் சொன்னார். "பதினாலு வருஷம் மக்கள் பிரதிநிதியாக இருந்திருக்கிறேன். அது போதாது என்றால், வில்சன், ரூஸ்வெல்ட் போன்றவர்கள்கூட ஜனாதிபதி ஆகியிருக்க முடியாதே! ட்ரூமனும் ஆகியிருக்க முடியாதே!" என்பது அவருடைய வாதம்.

ஒரு வாரம் டைம்!

1960-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, ஐசனோவர் பத்திரிகை நிருபர்களைச் சந்தித்தார். ஒரு நிருபர் கேட்டார்: "நிக்சன் சொன்ன பெரிய யோசனை எதையாவது நீங்கள் ஏற்றுக் கொண்டது உண்டா?"

"ஒரு வாரம் டைம் கொடுத்தால் ஒன்று ஞாபகம் வரலாம். இப்போது ஞாபகம் இல்லை" என்றார் ஐசனோவர்.

அவ்வளவுதான்! எதிர்க்கட்சிக்காரர்கள் அதைப் பிடித்துக் கொண்டார்கள். டெலிவிஷனில் விளம்பரமாகவே போட்டு விட்டார்கள்.

வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது ஒன்று. கயிற்றைப் பிடித்து ஓட்டியது வேறு ஒன்று. நிக்சன் எட்டு வருஷமாக எதைச் செய்தார் என்ற சந்தேகம் மக்களுக்கு வந்து விட்டது.

செப்டம்பர் 26-ந் தேதி, இருவரும் சிகாகோ நகரில் டெலிவிஷனில் விவாதம் நடத்தினார்கள். சுமார் 7 கோடிப் பேர் பார்த்தார்கள். "இந்த வாலிபரும் நிக்சனுக்குச் சமமாகத்தான் பேசுகிறார்" என்று பலருக்குத் தோன்றியது.

நவம்பர் 8-ந் தேதி தேர்தல் நடந்தது. 6 கோடியே 80 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. அதில் கென்னடிக்குக் கிடைத்த அதிகப்படி ஓட்டு ஒரு லட்சத்துச் சொச்சம்தான்!

வண்டி குடை சாய்ந்தது

கென்னடி 1961-ம் ஆண்டு ஜனவரி மாதம் பதவி ஏற்றார். மூன்றே மாதத்தில் வண்டி குடை சாய்ந்தது.

கியூபா நாட்டில் காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க அமெரிக்க உளவு இலாகா ஒரு திட்டம் வைத்திருந்தது. ஐசனோவர் காலத்திலேயே தொடங்கிய திட்டம் அது. அனுபவசாலிகள் பலர் ஆதரித்தார்கள். கென்னடியும் "சரி" என்றார்.

ஏப்ரல் மாதம் சுமார் 1,400 பேர் பன்றிகள் வளைகுடாவில் போய் இறங்கினார்கள். மூன்று நாளில் எல்லாம் முடிந்து விட்டது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். அனுபவம் இல்லாததற்குக் கொடுத்த விலை அது. "அனுபவம் தேவையே இல்லை" என்று யாரும் சொல்லி விட முடியாது.

ஆனால், கென்னடி அதன் பிறகு செய்ததைப் பார்க்க வேண்டும்.

"அரசாங்கத்தின் பொறுப்பாளி நான்தான்" என்று நிருபர்களிடம் ஒப்புக் கொண்டார். பழியை உளவு இலாகாவின் தலையில் சுமத்தி விட்டுத் தப்பிக்கவில்லை. மறுநாளே ஐசனோவரை அழைத்து யோசனை கேட்டார்.

ஐசனோவர் ஒரு கேள்வி கேட்டார். "முடிவு செய்யும் முன்னால் எல்லோரையும் எதிரே உட்கார வைத்து, சாதக பாதகங்களை வாதாடச் சொல்லிக் கேட்டீர்களா?"

கென்னடி அப்படிச் செய்யவில்லை. ஆனால், அந்தக் கேள்வியை அவர் மறக்கவும் இல்லை.

1962-ம் ஆண்டு அக்டோபரில், ருஷியா கியூபாவில் அணு ஏவுகணைகளைக் கொண்டு வந்து வைத்தது. உலகப் போர் மூளும் அபாயம் வந்தது. "உடனே குண்டு வீசுங்கள்" என்றார்கள் ராணுவத் தளபதிகள்.

இந்தத் தடவை கென்னடி அவசரப்படவில்லை. எல்லோரையும் கூட்டி வைத்து வாதாடச் சொன்னார். தாம் இருந்தால் தயங்குவார்கள் என்று சில கூட்டங்களுக்குப் போகாமலும் இருந்தார். ஐசனோவரிடம் டெலிபோனில் பேசினார். கடைசியில் கப்பல்களை மறிப்பது என்று முடிவு செய்தார். ரகசியமாகப் பேச்சும் நடத்தினார். துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துக் கொள்ளச் சம்மதித்தார். பதின்மூன்று நாளில் ஆபத்து நீங்கியது.

பதவிக்கு வரும்போது இல்லாத அனுபவம், தவறை ஒப்புக் கொண்டதால் வந்து சேர்ந்தது.

அனுபவசாலியின் கதை

நிக்சன் 1968-ம் ஆண்டு மீண்டும் நின்று ஜனாதிபதி ஆனார். அவருடைய அனுபவம் வீண் போகவில்லை. 1972-ம் ஆண்டு சீனாவுக்குப் போனார். இருபது வருஷத்துக்கு மேல் நீடித்த பகைக்கு முடிவு காண வழி பிறந்தது.

அதே ஆண்டில், எதிர்க்கட்சியின் அலுவலகத்துக்குள் புகுந்த ஆட்கள் பிடிபட்டார்கள். அதுவே "வாட்டர்கேட்" விவகாரம். உண்மையைச் சொல்லாமல் மூடி மறைக்கப் பார்த்தார் நிக்சன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? 1974-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி பதவியை விட்டுப் போனார். பதவிக் காலத்தின் நடுவில் ராஜினாமா செய்த ஒரே அமெரிக்க ஜனாதிபதி அவர்தான்.

இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. 1857-ம் ஆண்டு ஜனாதிபதியான புக்கானன், பாராளுமன்றம், செனட் சபை, வெளிநாட்டு மந்திரி, இங்கிலாந்தில் தூதர் என்று எல்லாப் பதவியும் பார்த்தவர். அவர் பதவியில் இருக்கும்போதே ஏழு மாகாணங்கள் பிரிந்து போயின. அடுத்து வந்த லிங்கன், பாராளுமன்றத்தில் இரண்டே வருஷம் இருந்தவர். செனட் சபைக்குப் போக முயன்று இரண்டு முறை தோற்றவர். நாட்டை மீண்டும் ஒன்றாக்கியவர் அவர்தான்.

கேட்க வேண்டிய கேள்வி

எந்த ஊரில் எந்தத் தேர்தல் நடந்தாலும், வேட்பாளர்கள் தாங்கள் வகித்த பதவிகளை வரிசையாகச் சொல்லுவார்கள். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அனுபவம் நல்ல சரக்குத்தான்.

அதோடு நிறுத்தி விடாதீர்கள். அந்தப் பதவியில் இருந்து இவர் என்ன செய்தார்? தவறு நேர்ந்தபோது, "என் பிழை" என்றாரா? "அவன் பிழை" என்றாரா? அடுத்த தடவை திருத்திக் கொண்டாரா?

வண்டிக்காரனை மாற்ற வேண்டும் என்றால் நாளைக்கே மாற்றி விடலாம். ஓட்டுப் போட்டு விட்டால் பல வருஷம் காத்திருக்க வேண்டும். அந்த வண்டியில் நம் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே, ஏறுவதற்கு முன்னால் இரண்டாவது கேள்வியையும் கேட்டு விடுவது நல்லது.