இலவசச் சீட்டு

1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்த சாலிட்டேர் என்ற ஒற்றையாள் சீட்டாட்டத்துக்குத் தனிக் காசு கிடையாது. மைக்ரோசாஃப்ட்டில் பயிற்சியில் இருந்த வெஸ் செர்ரி எழுதியது. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். மவுஸால் இழுத்துப் போடும் பழக்கம் மக்களுக்கு வரட்டும் என்பதும் ஒரு நோக்கம். 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த அதே ஆட்டத்தில் விளம்பரம் ஓடியது, வேண்டாமென்றால் சந்தா. ஆட்டத்தை நடத்துகிறவருக்குச் செலவில்லையா, காசு வாங்கக் கூடாதா என்று கேட்கலாம். பலர் கூடி ஆடும் ரம்மிக்கு அந்தக் கேள்வி நியாயம். சர்வர் ஓயாமல் ஓட வேண்டுமே. ஆனால் எதிராளியே இல்லாமல் 52 சீட்டைக் கலைத்து அடுக்க நம் கையிலுள்ள கருவியே போதும். கூகுளில் ஆங்கிலத்தில் சாலிட்டேர் என்று தேடினால் அந்தப் பக்கத்திலேயே ஆட்டம் விரிகிறது, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. அப்படியிருக்க, இருப்பிடத்தையும் தொடர்பு எண்களையும் கேட்கிற சீட்டுச் செயலிக்கு எதற்கு அனுமதி?