தட்டெழுத்துப் பொறியும் தமிழ்ப் புள்ளியும்

கணிப்பொறியும் கைப்பேசியும் மலிந்த இந்நாளில் தட்டெழுத்துப் பொறியைப் பற்றி எழுதப் புகுவது, மின்விளக்கின் கீழிருந்து அகல் விளக்கைப் புகழ்வதை ஒக்கும் என்று நண்பர் சிலர் நகைக்கலாம். நகைப்பினும் நகைக்க. அகலுக்கும் ஓர் ஒளி உண்டன்றோ? பெட்டியில் அடக்கிக் கையிற் கொண்டு செல்லத்தக்க சிறு பொறியை எவ்வாறு தேர்ந்து கொள்வது, அதனால் எய்தும் இன்பம் யாது என்பன பற்றி யாம் கருதுவனவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவ்வகைப் பொறிகளுள் பெரும்புகழ் பெற்றது, 1912இல் அமெரிக்காவில் வெளிவந்த கொரோனா 3 என்பதாம். ஏறத்தாழ 6 இராத்தல் எடையுள்ள அதன் தாள் ஏந்தும் பகுதி, விசைகளின்மேல் மடிந்து படியும். விசைகள் 28, ஒவ்வொன்றும் மூன்று வடிவங்களைப் பதிக்கும். சுருக்கம் நன்றே; ஆயினும் இலக்கம் ஒன்று அடிப்பதற்கும் வேறொரு விசையை உடன் அழுத்தல் வேண்டும். 1920இல் தோன்றிய ரெமிங்டன் சிறுபொறி, நான்கு வரிசை விசைகளால் இக்குறையை நீக்கிற்று. 1950இல் இத்தாலி நாட்டு ஒலிவெட்டி நிறுவனத்தார், மார்செல்லோ நிஸ்ஸோலி வடிவமைத்த லெட்டரா 22 என்பதனை வெளியிட்டனர். அழகும் பயனும் ஒருங்கே அமைந்த அதனை இன்றும் விரும்பித் தேடுவோர் பலர்.

இவையெல்லாம் 26 எழுத்துக்களால் இயலும் மொழிகளுக்கென எழுந்தவை. தமிழுக்கோ எழுத்து 247. இத்துணையையும் சில விசைகளுள் அடக்குதல் எங்ஙனம்? யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, சிங்கப்பூரில் வாழ்ந்த இரா. முத்தையா அவர்கள் இவ்விடரைத் தீர்த்தார். அடித்தாலும் தாள் நகராத விசைகளை அவர் தமிழுக்கு அமைத்தார். புள்ளியை அவ்விசையால் முதலிற் பதித்து, அவ்விடத்திலேயே எழுத்தை அடித்தால், இரண்டும் ஒன்றாகி மெய்யெழுத்துத் தோன்றும்.

இதன் அருமையை யாம் பட்டறிந்தோம். சென்ற ஆண்டு விடுதி மாணவராகிய யாம் அறுவர் கூடிச் சிற்றேடு ஒன்று நடத்தக் கருதிப் பழைய தமிழ்ப் பொறியொன்றை வாங்கினோம். அதன் நீல வண்ணமும் மங்காத மெருகும் எம் மனத்தைக் கவர்ந்தன. அறைக்குக் கொணர்ந்து அடித்துப் பார்த்தோம், புள்ளி பதியவில்லை. 'கல்' என்று அடித்தால் 'கல' என நின்றது. 'கண்' என்பது 'கண' ஆயிற்று. மெய்யெல்லாம் உயிர்மெய்யான அவ்வேட்டை ஆசிரியர் எவரிடம் காட்டுவது? எழுத்திலக்கணம் பயின்றும் புள்ளியைச் சோதியாது பொருள் கொடுத்த எம் பேதைமையை எண்ணி நாணினோம்.

ஆதலின், வாங்குவோர் கண்ணை நம்பாது விரலை நம்புக. எழுத்து, குறி யாவற்றையும் ஒருமுறை அடித்துக் காண்க. வரி நேராக நிற்கின்றதா, ஓரம் அணுகுங்கால் மணி ஒலிக்கின்றதா என நோக்குக. தாள் சுற்றும் உருளையை நகத்தால் அழுத்துக. கல்போல் இறுகியிருப்பின் ஓசை மிகும், தாளும் வழுக்கும். விசைகள் ஒட்டினால் எண்ணெய் ஊற்றற்க. தூசி சேர்ந்து பின்னும் இறுகும். மைநாடா இன்றும் கிடைக்கும் அளவினதா என்பதையும் வினவுக.

இனி இன்பம் யாது? விரைவு வேண்டுவோர் கணிப்பொறியையே நாடுக. அதனை யாம் பழிக்கவில்லை. ஆனால் தட்டெழுத்துப் பொறியில் அடித்ததை அழித்தல் எளிதன்று. எனவே சொல்லை முதலில் உள்ளத்தே ஆய்ந்து, பின்னரே விரலை அசைக்கின்றோம். இரு விசைகளை ஒருசேர அழுத்தினால் எழுத்துத் தண்டுகள் சிக்கிக்கொள்ளும். ஆதலின் ஒரு சீரான நடை தானே கைவருகின்றது. இடையே வந்து அழைக்கும் செய்தி ஒன்றுமில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் அது கையில் நிற்கின்றது.

இப்பொறிகளை ஆக்கிய ஆலைகள் ஏறக்குறைய யாவும் நின்றுவிட்டன. ஆங்கிலப் பொறியொன்று அழிந்தால் உலகில் அதுபோற் பல எஞ்சும். தமிழ்ப் பொறியோ தொடக்கத்திலேயே சிலவாகச் செய்யப்பெற்றது. பாட்டனார் வைத்துச் சென்ற பொறி பரண்மீது கிடக்குமாயின், அன்பர்காள், பழைய இரும்புக் கடைக்கு எடைபோடுமுன் அதனை இறக்கித் துடைத்துத் தாளொன்றைச் செருகுங்கள். முதலிற் புள்ளியைத் தட்டிப் பாருங்கள். அது பதியுமாயின் நீவிர் பேறுடையீர்; பதியாதாயின், பழுது நீக்குவோரைத் தேடிச் செல்லுங்கள். யாமும் அவ்வாறே செய்தோம். எம் ஏட்டில் இன்று கல் கல்லாகவே நிற்கின்றது.