குறிப்பேடும் பேரேடும்: லாக் தேட ஒரு முன்மாதிரி

வணிகவியல் படித்தவர்களுக்குக் குறிப்பேடும் தெரியும், பேரேடும் தெரியும். நடந்தவை நடந்த வரிசையில் குறிப்பேட்டில் ஏறும். யாரிடம் எவ்வளவு பாக்கி என்று பார்க்கப் பேரேடு வேண்டும். சர்வர்கள் எழுதும் லாக் கோப்புகள் வெறும் குறிப்பேடுகள்தான். நேற்றிரவு மெயில் சர்வரில் என்ன பிழை என்று கேட்டால், வரிவரியாகத் துழாவ வேண்டும். பத்து சர்வர் என்றால் பத்து இடத்தில்!

எல்டிஏபி டைரக்டரியைப் பேரேடாக்கினால் என்ன? 1990-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறை, பயனர் பெயர், மின்னஞ்சல் முகவரி போன்றவற்றைத் தேடவே பெரிதும் பயன்படுகிறது. அடிக்கடி படிப்பது, எப்போதாவது எழுதுவது என்பதே அதன் கணக்கு. லாக் இதற்கு நேர் எதிர். எனவே லாக் முழுவதையும் டைரக்டரிக்குள் கொட்டுவது வீண்வேலை.

கொட்டவும் தேவையில்லை. ஓப்பன்எல்டிஏபி சர்வரில் பின்தளத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். தேடல் வந்ததும் சர்வர் அதை ஒரு பெர்ல் நிரலிடம் ஒப்படைக்கும். நிரல் லாக் கோப்பைப் படித்து, பொருந்தும் வரிகளைப் பதிலாகத் தரும். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்படியொரு முன்மாதிரியைச் செய்துபார்ப்பது நல்லது. வேகத்துக்காக அல்ல, அது எழுப்பும் மூன்று கேள்விகளுக்காக.

முதலாவது, காலம். 2001-ல் வந்த ஆர்எஃப்சி 3164 விவரிக்கும் பழைய சிஸ்லாக் வரியில் மாதம், நாள், நேரம் உண்டு, வருடம் கிடையாது. டிசம்பர் பிழையைத் தேடினால் எந்த டிசம்பர்? 2009-ல் வந்த ஆர்எஃப்சி 5424 வருடத்தைச் சேர்த்தது. ஆனால் பழைய வடிவில் எழுதும் கருவிகள் இன்னும் இருக்கின்றன.

இரண்டாவது, பெயர். டைரக்டரியில் ஒவ்வொரு பதிவுக்கும் தனிப்பெயர் வேண்டும். லாக்கிலோ ஒரே நொடியில் ஒரே வரி இரண்டு முறை வரலாம். கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் சேர்த்து வைத்தால், லாக் சுழற்சியில் கோப்பின் பெயரே மாறிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம்: அனுமதி. லாக்கில் யார் எப்போது நுழைந்தார் என்பதெல்லாம் இருக்கும். டைரக்டரி என்றாலே பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. பெர்ல் பின்தளத்தில் அனுமதிக் கட்டுப்பாட்டின் பெரும்பகுதி, நிரலை எழுதுபவர் தலையில்தான் விழுகிறது. அவசரத்தில் எழுதிய முன்மாதிரி அப்படியே அலுவலகப் பயன்பாட்டுக்குப் போனால், ஊழியர் ஒவ்வொருவரின் நடமாட்டமும் எல்லோர் கண்ணிலும் படும்.

ஆகவே செய்யுங்கள். மூன்றுக்கும் விடை கிடைத்ததும் முன்மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள். குறிப்பேடு பத்திரமாக இருக்கும்வரை பேரேட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம். வெளியே கசிந்த தகவலை மட்டும் திரும்ப அள்ள முடியாது.