கண்ணாடி விளக்கை மட்டும் நம்பித் தடம் மாறலாமா?

கடந்த மாதம் ஒரு மாலை. பல்கலைக்கழக வகுப்பு முடிந்து, கெலுகோரிலிருந்து பினாங்கு பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். காரை ஓட்டியவள் என் தோழி. ‘பி’ ஸ்டிக்கர் ஒட்டி ஆறு மாதம்தான் ஆகிறது. ஏறுபாதையிலிருந்து பிரதானத் தடத்தில் சேர வேண்டும். வலப்பக்கக் கண்ணாடியில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. “ஒன்றும் வரவில்லை” என்று சொல்லி ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். அடுத்த நொடியே ஹார்ன் சத்தம். ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் காரை உரசாத குறையாகக் கடந்து சென்றது. பிறை வந்து சேரும் வரை காரில் யாரும் பேசவில்லை.

காரில் கோளாறு எதுவும் இல்லை. அதன் வேலை என்ன என்பதை நாங்கள்தான் தவறாகப் புரிந்து வைத்திருந்தோம்.

இந்த வசதிகள் இன்று பணக்காரர்களின் கார்களில் மட்டும் இருப்பவை அல்ல. 2017இல் வந்த மைவியின் உயர்ரகத்தில் பெரோடுவா ஓட்டுநர் உதவி வசதிகளைத் தந்தது. 2021இல் வந்த அத்திவாவின் உயர்ரகம், முன்னால் செல்லும் காருக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. தடத்தின் நடுவே காரை வைத்திருக்கவும் உதவுகிறது. தானியங்கி ஓட்டுதல் 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. நம் வீட்டுக் கார்கள் அதிகபட்சம் நிலை 2இல்தான் உள்ளன. அந்த நிலையில் சாலையைக் கவனிக்கும் பொறுப்பு முழுவதும் ஓட்டுநருடையதே.

பின்பம்பரின் மூலைகளில் உள்ள ரேடார், காரை ஒட்டிய ஒரு சிறு பகுதியைத்தான் கவனிக்கிறது. ஏறுபாதை வளைந்து சேரும் இடத்தில் அதன் பார்வையும் காரோடு சேர்ந்து வேறு பக்கம் திரும்பியிருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரே நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். கனமழையில் தடக் கோடுகள் மறைந்தால் கேமராவும் தடுமாறும். வேகத்தைச் சரிசெய்யும் வசதியோ முன்னால் போகும் காரைப் பார்க்கிறதே தவிர, பக்கத்துத் தடத்தில் நமக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

நம் நாட்டில் இது உயிர்ப் பிரச்சினை. சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளோட்டிகள். அவர்கள் பெரும்பாலும் இடது ஓரமாகவே செல்கிறார்கள். ஏறுபாதையிலிருந்து நாம் வந்து சேர்வதும் அதே இடது ஓரத்தில்தான். ஆசியான் என்கேப் அமைப்பு 2021 முதல் 2025 வரையிலான கார் மதிப்பீட்டில் மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்பைத் தனிப் பிரிவாகச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. மற்ற நாடுகளின் சாலைகளை வைத்து நம் சாலையை அளக்க முடியாது.

அப்படியானால் இவற்றை அணைத்துவிடலாமா? கூடாது. இரவு முழுக்கப் படித்துவிட்டு, களைப்போடு வீடு திரும்பும் மாணவரை ஓர் எச்சரிக்கை ஒலி காப்பாற்றலாம். “ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கிறது, தொல்லை” என்று அணைத்து வைத்திருக்கும் நண்பர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் சிக்னல் போடாமல் தடம் மாறுபவர்கள். சிக்னல் இல்லையென்றால், நாம் கவனமின்றி விலகுகிறோம் என்று கார் கருதுகிறது. சிக்னல் போட்டால் அது விட்டுக்கொடுக்கும்.

நான் பயிற்சி பெற்ற காரில் இந்த வசதிகளில் ஒன்றுகூட இல்லை. தேர்வுக்கான பாடத்திலும் இவற்றைப் பற்றி நான் படிக்கவில்லை. பழைய காரில் தேர்ச்சி பெற்று, மறுநாளே வீட்டிலுள்ள புதிய காரை ஓட்டத் தொடங்குகிறோம். இந்த வசதிகள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு ஒரு மணி நேரப் பாடத்தையாவது சாலைப் போக்குவரத்து இலாகா உரிமப் பயிற்சியில் சேர்க்க வேண்டும்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வார இறுதியில் காரோடு வந்த கையேட்டை எடுத்து, உங்கள் காரின் வசதி எந்த வேகத்தில் வேலை செய்யும், எப்போது செய்யாது என்று படியுங்கள். சாலையில் வரிசையை மறக்காதீர்கள்: சிக்னல், கண்ணாடி, தலையைத் திருப்பி ஒரு பார்வை, அதன் பிறகே ஸ்டீயரிங். விளக்கு எரிந்தால் காத்திருங்கள். எரியாவிட்டாலும் திரும்பிப் பாருங்கள்.

அன்று எங்களைக் கடந்து போனவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடித்து வீடு திரும்பிய ஒரு தந்தையாக இருக்கலாம். அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர, நாம் தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடி போதும்.